உட்கார ஒரு நாற்காலி

"உட்கார ஒரு நாற்காலி வேண்டும்." இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம்மில் பலர் "ஐ நீட் எ சேர் டு சிட்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். கேட்பவருக்குப் புரிந்துவிடும், நாற்காலியும் வந்துவிடும். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவரின் காதில் அந்த வாக்கியம் கடைசிப் படியில் கால் வைக்காமல் நின்றுவிட்டது போல ஒலிக்கும். அவர் "எ சேர் டு சிட் ஆன்" என்பார். கடைசியில் வரும் அந்தச் சின்ன "ஆன்" எதற்கு? நாற்காலி என்று முதலிலேயே சொல்லியாகிவிட்டது, உட்கார என்றும் சொல்லியாகிவிட்டது. நாற்காலியின் மேல்தானே உட்காருவோம்? இந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடிப் போனால், ஆங்கிலத்தில் "டு" சேர்ந்த வினையும், பள்ளியில் பிரெபோசிஷன் என்று படித்தோமே அந்த முன்னிடைச்சொல்லும், ப்ரோநவுன் என்ற பிரதிப்பெயரும் ஒன்றுகூடும்போது என்ன நடக்கிறது என்பது தெளிவாகும். நான் சொல்ல வருவது இதுதான்: அந்த மூன்றும் கூடுமிடத்தில் ஆங்கிலம் பிரதிப்பெயரை மறையவிடும், முன்னிடைச்சொல்லை மறையவிடாது. தமிழோ இரண்டையும் சேர்த்தே மறைத்துவிடும். நம் ஆங்கிலத்தில் விழும் பல ஓட்டைகள் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். உட்கார நாற்காலி, எழுதப் பேனா, படுக்கப் பாய், குடியிருக்க வீடு, பேச ஆள். இவற்றில் எங்கேயாவது வேற்றுமை உருபு இருக்கிறதா? நாற்காலியின் மேல் என்ற "மேல்" இல்லை. பேனாவால் என்ற "ஆல்" இல்லை. வீட்டில் என்ற "இல்", ஆளோடு என்ற "ஓடு" எதுவும் இல்லை. நாம் அவற்றை மறந்துபோய் விடவில்லை. தமிழின் அமைப்பே அப்படி. 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் பெயரெச்சத்தைச் சொல்லும்போது, அது ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்றார்: செய்தவர், செய்யப் பயன்பட்ட கருவி, செய்த இடம், செயல், காலம், செயப்படுபொருள். இப்போது "எழுதிய" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய பெண், எழுதிய பேனா, எழுதிய தாள், எழுதிய மேசை, எழுதிய கடிதம், எழுதிய நாள். பெண் எழுதுகிறவள். பேனா கருவி. தாளும் மேசையும் இடம். கடிதம் எழுதப்பட்ட பொருள். உறவு மாறிக்கொண்டே போகிறது, "எழுதிய" மட்டும் அப்படியே நிற்கிறது. எந்த உறவு என்பதைக் கேட்பவர் தம் உலக அறிவால் நிரப்பிக்கொள்கிறார். தயிர்க்குடம் என்கிறோமே, அதைத் தயிரை உடைய குடம் என்று விரித்தால் "ஐ" என்ற உருபும் "உடைய" என்ற பயனும் சேர்ந்தே தொக்கி நிற்பது தெரியும். நம் இலக்கணிகள் அதற்கு உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மறைப்பது தமிழில் முறையான, பெயரிட்டு வகுக்கப்பட்ட ஒரு வழக்கம். அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த வாய், ஆங்கிலத்திலும் "ஆன்" என்பதை விழுங்கிவிடுவதில் வியப்பில்லை.

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். "ஐ சிட் ஆன் இட்" என்ற முழு வாக்கியத்தில் உட்காருதல் இருக்கிறது, மேல் என்ற "ஆன்" இருக்கிறது, நாற்காலியைக் குறிக்கும் "இட்" இருக்கிறது. "எ சேர் டு சிட் ஆன்" என்று சொல்லும்போது "இட்" காணாமல் போகிறது, ஏனென்றால் நாற்காலி முன்னாலேயே வந்துவிட்டது. "எ சேர் டு சிட் ஆன் இட்" என்றால் அது பிழை. ஆனால் "ஆன்" போகவில்லை. "இட்" உட்கார்ந்திருந்த இடம் காலியாகிவிட்டது, அதற்குப் பக்கத்தில் "ஆன்" காவல் நிற்கிறது. அந்தக் காவல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பாருங்கள். "சம்திங் டு ரைட் வித்" என்றால் பேனாவோ பென்சிலோ வேண்டும். "சம்திங் டு ரைட் ஆன்" என்றால் தாள் வேண்டும். "சம்திங் டு ரைட் அபவுட்" என்றால் எழுதப் பொருள் வேண்டும். "சம்ஒன் டு ரைட் டு" என்றால் கடிதத்தைப் பெற ஒருவர் வேண்டும். நான்கிலும் வினை ஒன்றே. கடைசிச் சொல்லை எடுத்துவிட்டால் நான்கும் ஒரே மங்கலாகிவிடும். தமிழில் பேனா, தாள் என்று பெயரையே சொல்லிவிடுவதால் உறவு தானாகத் தெரிகிறது. "ஏதாவது" என்று பொதுவாகச் சொல்ல நேர்ந்தால் நாமும் திணறுகிறோம். "எழுத ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால், பேனாவை நீட்டுவதா, தாளை நீட்டுவதா?

முன்னிடைச்சொல் போகவே போகாது என்பதற்கு இன்னும் அழுத்தமான சான்று ஒன்று ஆங்கிலத்திலேயே இருக்கிறது. இதே பொருளை மிடுக்கான எழுத்து நடையில் "எ சேர் ஆன் விச் டு சிட்" என்றும் சொல்லலாம். "விச்" என்பதும் ஒரு பிரதிப்பெயர்தான். அது முன்னால் வரும்போது "ஆன்" அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிறது. ஆனால் "எ சேர் விச் டு சிட் ஆன்" என்று யாரும் சொல்வதில்லை. ஒன்று, பிரதிப்பெயரும் முன்னிடைச்சொல்லும் சேர்ந்து முன்னால் வர வேண்டும். இல்லையென்றால், பிரதிப்பெயர் அடியோடு மறைந்து முன்னிடைச்சொல் பின்னால் தங்க வேண்டும். எந்த வழியில் போனாலும் "ஆன்" உயிரோடு இருக்கிறது. நான் மேலே சொன்ன வாதத்துக்கு இந்த இரட்டை வழியைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்த "டு" எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் "குடிக்க" என்பதற்கு "டிரிங்கன்" என்று ஒரே சொல் இருந்தது, "டு" கிடையாது. நோக்கத்தைச் சொல்ல வேண்டியபோது பெரும்பாலும் "டோ டிரிங்கென்னெ" என்றார்கள். அங்கே "டோ" என்பது "நோக்கி", "பக்கமாக" என்று பொருள்படும் முன்னிடைச்சொல். அதற்குப் பின் வந்த வினை, பெயர்ச்சொல்லைப் போல நான்காம் வேற்றுமை ஈறு ஏற்றது. நம் "குடிப்பதற்கு" என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: குடிப்பது, அதன் பின் "கு". தமிழும் பழைய ஆங்கிலமும் ஒன்றையொன்று அறியாமலேயே நோக்கத்தைச் சொல்ல ஒரே வழியைப் பிடித்திருக்கின்றன. பிறகு 1100 முதல் 1500 வரையிலான காலத்தில் ஆங்கிலத்தின் ஈறுகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து உதிர்ந்தன. "டிரிங்கன்" "டிரிங்க்" ஆயிற்று. வினையைத் தனித்துக் காட்ட ஈறு இல்லாமல் போனபோது, பக்கத்தில் நின்ற "டு" அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. திசை காட்டிய சொல் வெறும் அடையாளமாகிவிட்டது. அது வலுவிழந்ததால், நோக்கத்தை உறுதிப்படுத்த முன்னால் இன்னொரு முன்னிடைச்சொல்லைச் சேர்த்து "ஃபார் டு" என்று சொன்ன காலமும் உண்டு. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் அதைக் காணலாம். வட அயர்லாந்தின் பேச்சில் இன்றும் அது கேட்கிறது.

இந்த வரலாறு காதுக்கே தெரியும் என்பதுதான் அழகு. "சம்ஒன் டு டாக் டு", பேச ஒரு ஆள் என்பதில் இரண்டு "டு" வருகின்றன. ஆங்கிலேயர் வாயில் இரண்டும் ஒரே ஒலி அல்ல. முதலாவது தேய்ந்து, கிட்டத்தட்ட "ட" என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். கடைசியில் நிற்பது "டூ" என்று முழுசாக, நீட்டி ஒலிக்கும்: "சம்ஒன் ட டாக் டூ". முதலாவது, பொருளைத் தொலைத்துவிட்டு அடையாளமாக மட்டும் மிஞ்சிய பழைய முன்னிடைச்சொல். இரண்டாவது, இன்னும் வேலையில் இருக்கும் முன்னிடைச்சொல். காலி இருக்கைக்குப் பக்கத்தில் நிற்பதால் அதற்கு அந்த முழுக்குரல். இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய சோதனையும் உண்டு. பின்னால் "இட்" வைத்துப் பாருங்கள். "ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்" சரியாக இருக்கிறது, எனவே அந்த "டு" முன்னிடைச்சொல். அதன் பின் வினை வந்தால் "மீட்டிங் யூ" என்றுதான் வரும். "ஐ வாண்ட் டு இட்" என்று சொல்ல முடியாது, எனவே அது வினையின் அடையாளம், அதன் பின் "மீட் யூ". நம் ஊர்க் கடிதங்களில் "லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ" என்று ஆயிரக்கணக்கில் எழுதப்படுகிறதே, அங்கே ஒரு "இட்" வைத்துப் பார்த்திருந்தால் அந்தப் பிழை நேர்ந்திருக்காது.

"இதெல்லாம் எதற்கு? ‘எ சேர் டு சிட்’ என்றாலே புரிகிறதே, மொழி என்பது புரிவதற்குத்தானே?" என்று ஒரு நேயர் கேட்கலாம். நாற்காலியைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. நாற்காலி உட்காராது, மனிதர்தான் உட்காருவார், குழப்பம் வர வழியில்லை. ஆனால் நாற்காலியை நகர்த்திவிட்டு அங்கே ஒரு மனிதரை நிறுத்துங்கள். "வீ நீட் சம்ஒன் டு டாக் டு" என்றால் நாம் மனம்விட்டுப் பேச ஒருவர் வேண்டும், அவர் கேட்பவர். கடைசி "டு" விழுந்துவிட்டால், "வீ நீட் சம்ஒன் டு டாக்", பேசுவதற்கு ஒருவர் வேண்டும், மேடையேறிப் பேச ஆள் தேவை என்று பொருள் தலைகீழாகிவிடுகிறது. தனிமையில் வாடும் ஒருவர் தன் நிலையைச் சொல்லும்போது இந்த ஒரு எழுத்துச் சொல் விழுந்தால், கேட்பவர் ஒரு பேச்சாளரைத் தேடிக் கிளம்பிவிடுவார். பிரதிப்பெயரிலும் இதே ஆபத்து இருக்கிறது. "உதவ ஆள் இல்லை" என்று நினைத்துக்கொண்டு "ஐ ஹேவ் நோபடி டு ஹெல்ப்" என்றால், நான் உதவி செய்வதற்கு ஒருவரும் கிடைக்கவில்லை என்பதே அதற்கு முதலில் தோன்றும் பொருள். எனக்கு உதவ ஆள் இல்லை என்றால் "நோபடி டு ஹெல்ப் மீ" என்று "மீ" வந்தே ஆக வேண்டும். "ஹெல்ப்" என்பதன் பின் இருக்கை காலியாக இருந்தால், அதில் உட்கார வேண்டியவர் அந்த "நோபடி" என்று ஆங்கிலக் காது எடுத்துக்கொள்ளும். "மீ" வந்து உட்கார்ந்தால் "நோபடி" செய்பவர் பக்கம் போய்விடும். தமிழில் "எனக்கு" என்று முன்னாலேயே சொல்லிக் காரியத்தை முடிக்கிறோம். ஆங்கிலம் அந்த வேலையை வினைக்குப் பின்னால் வைத்திருக்கிறது.

காலி இருக்கை என்று நான் சொல்வது வெறும் கற்பனை என்று தோன்றலாம். அதற்கும் காதே சாட்சி. பேச்சு ஆங்கிலத்தில் "வாண்ட் டு" சுருங்கி "வான்னா" ஆவது நமக்குத் திரைப்படங்களிலிருந்தே பழக்கம். "ஹூ டூ யூ வாண்ட் டு மீட்", யாரைச் சந்திக்க விரும்புகிறாய் என்பதை "ஹூ டூ யூ வான்னா மீட்" என்று தாராளமாகச் சொல்கிறார்கள். ஆனால் "ஹூ டூ யூ வாண்ட் டு கம்", யார் வர வேண்டும் என்று விரும்புகிறாய் என்பதை "வான்னா கம்" என்று சுருக்கப் பலருக்கு நா எழாது. ஏன்? "ஐ வாண்ட் ஹிம் டு கம்" என்பதில் "வாண்ட்"டுக்கும் "டு"வுக்கும் நடுவே "ஹிம்" இருந்தது. கேள்வியில் அது எழுந்து முன்னால் போய்விட்டாலும் அதன் இருக்கை நடுவிலேயே கிடக்கிறது. இரண்டு சொற்களும் ஒட்டிக்கொள்ள அது விடுவதில்லை. "மீட்" வாக்கியத்தில் காலி இருக்கை கடைசியில் இருப்பதால் தடையில்லை. கடந்த நூற்றாண்டின் மொழியியலாளர்கள் இதை வைத்து நிறைய வாதாடியிருக்கிறார்கள், எல்லாரும் ஒரே விளக்கத்தை ஏற்கவும் இல்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தை நாக்கு உணர்கிறது என்பதற்கு இதைவிட நெருக்கமான காட்சியை நான் கண்டதில்லை.

அடுத்த மறுப்பு பள்ளிக்கூடத்திலிருந்து வரும்: "வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்றல்லவா சொல்லிக்கொடுத்தார்கள்?" அந்த விதிக்கு ஒரு வரலாறு உண்டு. கவிஞரும் நாடகாசிரியருமான ஜான் டிரைடன் 1672இல், தமக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த பென் ஜான்சனின் எழுத்தில் முன்னிடைச்சொல் கடைசியில் நிற்பதைக் குறையாகச் சொன்னார். 1668இல் வெளிவந்த தம் நாடகக் கட்டுரையை 1684இல் மறுபதிப்புச் செய்தபோது, அங்கே கடைசியில் நின்றவற்றையும் தேடிப் பிடித்து மாற்றினார். ஆனால் 1762இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லௌத், ஆங்கிலத்துக்கு இயல்பிலேயே இந்தச் சாய்வு இருக்கிறது, பேச்சுக்கும் எளிய நடைக்கும் இது பொருந்தும், முன்னால் வைப்பது எழுத்துக்கு அழகு என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். 1926இல் ஆங்கிலச் சொல்வழக்கு அகராதி எழுதிய ஹென்றி ஃபவுலர் இந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே எழுதினார். பெயர்கள் இருக்கட்டும், விதியையே சோதித்துப் பார்ப்போம். "ஹீ இஸ் ஈஸி டு டாக் டு": அவரோடு தயக்கமில்லாமல் பேசலாம் என்று பொருள். இந்தக் கடைசி "டு"வை எங்கே நகர்த்துவது? "விச்"சையோ "ஹூம்"மையோ இங்கே நுழைக்கவே முடியாது. "ஈஸி டு ஹூம் டு டாக்" என்பது எந்த மொழியும் இல்லை. வாக்கியத்தையே கலைத்து வேறு விதமாகக் கட்டினால்தான் உண்டு. ஒரு மொழியின் அன்றாட வாக்கியத்தைச் சொல்லவே விடாத விதி, அந்த மொழியின் விதியாக இருக்க முடியாது. இதே வாக்கியத்தில் நம்மவர்கள் செய்யும் பிழை எதிர்த்திசையில் வரும்: "ஹீ இஸ் ஈஸி டு டாக் டு ஹிம்." இங்கே "ஹிம்" மிகை. "ஹீ" என்று முன்னால் வந்துவிட்டவர் பின்னாலும் உட்கார முடியாது.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது, அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். "எ பிளேஸ் டு லிவ்", வாழ ஓர் இடம். "டைம் டு கோ", போக நேரம். "தி பெஸ்ட் வே டு டூ இட்", அதைச் செய்யச் சிறந்த வழி. இவற்றில் முன்னிடைச்சொல் எங்கே? இங்கேயெல்லாம் ஆங்கிலமும் தமிழைப் போல விழுங்கிவிடுகிறதே? ஆம், விழுங்குகிறது. ஆனால் விழுங்கப்படும் பெயர்களைக் கூர்ந்து பாருங்கள். இடம், காலம், வழி என்று ஒரு சிறிய குடும்பம். இந்தக் குடும்பத்தின் சொற்கள் முழு வாக்கியத்திலும் முன்னிடைச்சொல் இல்லாமல் நடமாட உரிமை பெற்றவை. "டூ இட் திஸ் வே", "கம் தட் டே" என்று அப்படியே சொல்கிறார்கள், முன்னால் "இன்", "ஆன்" எதுவும் தேவையில்லை. பிளேஸ் என்பதும் பேச்சில் "சம் பிளேஸ்", "எனி பிளேஸ்" என்று தனியே நிற்கும். முதலிலேயே துணையில்லாமல் நடப்பவை, மறையும்போது எதை விட்டுச் செல்லும்? ஆனால் "சிட் திஸ் சேர்" என்று எவரும் சொல்வதில்லை, "ஆன்" வேண்டும். அதனால்தான் நாற்காலி போனாலும் "ஆன்" தங்குகிறது. இதேபோல "எ கீ டு ஓபன் தி டோர்" என்பதில் ஒன்றும் விடுபடவில்லை, சாவியே கதவைத் திறக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லலாம், சாவி அங்கே செய்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. விதிவிலக்கு என்று தோன்றியவை, அருகே போய்ப் பார்த்தால், அதே ஒழுங்கின் கிளைகள்.

"டர்ன் இட் ஆஃப்", "புட் இட் ஆன்" என்று பிரதிப்பெயர் நடுவில் நுழையும் கூட்டு வினைகள் தனிக் கதை. "ஃபேனை ஆஃப் பண்ணு" என்று நாம் வினையை விட்டுவிட்டு அந்த ஒட்டுச்சொல்லை மட்டும் தமிழுக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன். இன்றைய நேரத்துக்குள் அது அடங்காது. உட்காருபவர் யார் என்று சொல்ல வேண்டியபோது என்ன ஆகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். "அவர் உட்கார ஒரு நாற்காலி" என்பதில் தமிழ் "அவர்" என்ற எழுவாயை அப்படியே வைக்கிறது. ஆங்கிலம் "எ சேர் ஃபார் ஹிம் டு சிட் ஆன்" என்கிறது. அங்கே "ஹீ" வராது. டு சேர்ந்த வினைக்கு எழுவாய் நிலைப் பிரதிப்பெயரைத் தாங்கும் வலு இல்லை, "ஃபார்" வந்து தாங்க வேண்டும். முன்னால் ஒரு முன்னிடைச்சொல்லும் கண்ணுக்குத் தெரியும் "ஹிம்"மும், பின்னால் ஒரு முன்னிடைச்சொல்லும் கண்ணுக்குத் தெரியாத "இட்"டும். ஐந்தாறு சொற்களுக்குள் ஒரு தராசு போல நிற்கிறது அந்தத் தொடர்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தமிழ் எதையோ இழந்து நிற்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். துயரத்தில் ஆறுதல் தருபவரை ஆங்கிலம் "எ ஷோல்டர் டு க்ரை ஆன்" என்கிறது. தமிழில் "சாய்ந்து அழ ஒரு தோள்" என்போம். ஆங்கிலம் "ஆன்" என்ற சொல்லில் வைத்ததை நாம் "சாய்ந்து" என்ற வினையில் வைத்திருக்கிறோம். முன்னிடைச்சொல் காட்டுவது உறவை மட்டும், வினையெச்சம் செயலையே காட்டுகிறது. சமையலறைக்கு வாருங்கள். தட்டில் இட்லி இருக்கிறது. "தொட்டுக்க என்ன இருக்கு?" என்று கேட்கிறோம். இதை ஆங்கிலத்தில் "இஸ் தேர் எனிதிங் டு ஈட் தெம் வித்" என்று கேட்கலாம். "தெம்" மறையவில்லை, ஏனென்றால் அது இட்லி. மறைந்திருப்பது சட்னி. "வித்" அதன் இருக்கைக்குக் காவல் நிற்கிறது. இலக்கணம் பழுதில்லாமல் இருக்கிறது. ஆனாலும் அந்த "வித்"தைக் கேட்ட ஆங்கிலேயர் சட்னியையும் எடுத்து வரலாம், கரண்டியையும் எடுத்து வரலாம், இரண்டுக்கும் அங்கே அதே சொல்தான். "தொட்டுக்க" என்று கேட்டவருக்குக் கரண்டியை நீட்டும் தமிழர் எந்த வீட்டிலும் இருக்க மாட்டார்.